வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தான்

வீட்டில் ஒரு கணிப்பொறி இருக்கிறது. விலை கொடுத்து வாங்கியவர் நீங்கள். அல்லது உங்கள் படிப்புக்காக அரசு கொடுத்தது. மின்கட்டணம் கட்டுவது நீங்கள். இணையத்துக்குப் பணம் கட்டுவதும் நீங்களே. ஆனால் நீங்கள் உறங்கும் வேளையில் அது எங்கோ தொலைவிலிருந்து எதையோ இறக்கிக்கொள்கிறது. தானாகவே அணைந்து, தானாகவே மீண்டும் இயங்குகிறது. காலையில் பார்த்தால் நேற்று ஓரிடத்தில் இருந்த பொத்தான் இன்று வேறிடத்தில் இருக்கிறது. சேமிக்காமல் விட்ட கட்டுரையைக் காணோம். அப்படியானால் இக்கணிப்பொறிக்கு உரியவர் யார்?

'அப்டேட்' என்று எல்லோரும் சொல்லும் தானியங்கிப் புதுப்பிப்பைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. "வருவதையெல்லாம் ஏற்றுக்கொள், நிறுவனத்துக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்பது ஒன்று. "எல்லாவற்றையும் அடைத்துப் போடு, ஓடுகிற இயந்திரத்தைக் கெடுக்காதே" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். நோய்க்கு மருந்தையும் கடைச் சரக்கையும் ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தால், சரக்கு வேண்டாதவன் மருந்தையும் தள்ளிவிடுவான். குற்றம் அவனுடையது மட்டுமன்று. பொட்டலம் கட்டியவருடையதும் ஆகும்.

புதுப்பிப்பு ஏன் தேவைப்படுகிறது?

கணிப்பொறியை ஆட்டி வைக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ், லினக்ஸ் முதலியவை இவ்வகை. இவை கோடிக்கணக்கான வரிகள் கொண்ட கட்டளைத் தொகுப்புகள். மனிதர் எழுதியவை ஆதலால் பிழைகள் இருந்தே தீரும். சில பிழைகள் வெறும் தொல்லை. வேறு சில, பூட்டிய வீட்டின் பின்பக்கச் சுவரில் உள்ள ஓட்டை போன்றவை. அவ்வோட்டையை அடைக்க அனுப்பப்படுவது பாதுகாப்புப் புதுப்பிப்பு. இதுவே மருந்து.

அடுத்த வகை, புதிய வசதிகளைக் கொண்டுவருவது. மூன்றாவது வகை, பழைய இயங்குதளத்தையே எடுத்துவிட்டுப் புதியதை அமர்த்துவது. இவை இரண்டும் சரக்கு. நல்ல சரக்காகவும் இருக்கலாம்; ஆனால் வாங்குவதும் விடுவதும் நம் விருப்பம்.

விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003 அக்டோபர் முதல், மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வெளியிட்டு வருகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் மதுரையில் இரவு 10.30 அல்லது 11.30 மணி. ஆகவே நம் வீட்டுக் கணிப்பொறியின் புதன்கிழமைத் தொல்லைகளுக்குச் செவ்வாய் இரவே விதை விழுந்துவிடுகிறது.

இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஏன் மாற்ற முடியவில்லை என்று மாணவர் கேட்பதுண்டு. ஓடும் வண்டியின் சக்கரத்தைக் கழற்ற முடியுமா? பயன்பாட்டில் உள்ள கோப்பை விண்டோஸ் எளிதில் மாற்றாது. எனவேதான் அணைத்து எழுப்ப வேண்டியிருக்கிறது.

மறுத்ததன் விலை: 2017

2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவியது. கணிப்பொறியின் கோப்புகளையெல்லாம் மறைக்குறியீட்டால் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று மிரட்டியது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் சிக்கின. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நமக்கு அண்டையிலும் அது வந்தது. ஆந்திரத்தில் காவல்துறைக் கணிப்பொறிகளும், கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகளும் பாதிக்கப்பட்டன.

அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு 2017 மார்ச் 14 அன்றே வெளிவந்துவிட்டது. மருந்து வந்து 59 நாள் கழித்தே நோய் வந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 இயங்கிய கணிப்பொறிகள். அவற்றுக்கு மருந்து கிடைத்திருந்தும் போடப்படவில்லை.

எனவே, எல்லாவற்றையும் அடைத்துவை என்னும் கருத்து இங்கே தோற்றுவிடுகிறது. நோய்த்தடுப்பு ஊசி போலவே இதிலும் ஒருவர் போட்டுக்கொள்ளாவிட்டால் அடுத்தவருக்கும் ஆபத்து. நிறுவனத்தார் கட்டாயப் புதுப்பிப்புக்குச் சொல்லும் நியாயமும் இதுதான். அந்த நியாயத்தை நாம் மறுக்கவில்லை. அது மருந்துக்கு மட்டுமே பொருந்தும் என்கிறோம்.

திணித்ததன் கதை: 2015-16

மக்கள் ஏன் புதுப்பிப்பை வெறுத்தார்கள்? விடை காண, வான்னாகிரைக்கு இரண்டாண்டு முன்னே செல்ல வேண்டும்.

2015-இல் விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களின் கணிப்பொறிக்கு ஒரு சிறு புதுப்பிப்பு வந்தது. அது எந்த ஓட்டையையும் அடைக்கவில்லை. திரையின் மூலையில் ஒரு வெள்ளைச் சாளரப் படத்தை வைத்து, விண்டோஸ் 10-க்கு மாறுங்கள் என்று அழைத்தது. அதாவது மருந்து வரும் வழியிலேயே விளம்பரம் வந்தது. பின்னர், கேட்காதவர்களின் கணிப்பொறியிலும் புதிய இயங்குதளம் முன்கூட்டியே இறங்கத் தொடங்கியது. அதன் அளவு 3 முதல் 6 கிகாபைட் வரை. 2016 பிப்ரவரியில் அது 'பரிந்துரைக்கப்பட்ட' புதுப்பிப்பு என வகை மாற்றப்பட்டது. இதனால் தானியங்கி முறையை நம்பி விட்டிருந்தவர்களின் கணிப்பொறிகளில் நிறுவும் வேலை தானே தொடங்கியது.

2016 மே மாதம் நடந்ததோ இன்னும் வியப்பானது. அறிவிப்புச் சாளரத்தின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் 'வேண்டாம்' என்பது பொருள் என்று நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். அம்மாதம் அக்குறியை அழுத்தியவர்களுக்கு, குறித்த நேரத்தில் மாற்றம் நடக்கச் சம்மதம் என்று பொருள் கொள்ளப்பட்டது. வாசற்கதவைச் சாத்தியவரைப் பார்த்து, 'உள்ளே வரச் சொன்னார்' என்று சாட்சி சொல்வது போன்றது இது. இரண்டு வாரங்கள் எல்லை மீறிவிட்டதாக, அந்நிறுவனத்தின் சந்தைப் பிரிவுத் தலைவரே 2016 டிசம்பரில் ஒப்புக்கொண்டார். கலிபோர்னியாவில் பயண முகவர் தொழில் நடத்திய ஒருவர், கேட்காமல் வந்த மாற்றத்தால் தம் கணிப்பொறி பயனற்றுப் போனதாக வழக்குத் தொடுத்து 10,000 டாலர் பெற்றார்.

இலவச வாய்ப்பு 2016 ஜூலை 29-உடன் முடிந்தது. 'இந்த இலவசம் எனக்கு வேண்டாம்' என்று தெளிவாகச் சொல்லும் பொத்தான் வந்தது அதற்கு ஒரு மாதம் முன்புதான். ஏறத்தாழ ஓராண்டுக் காலம், ஆம் என்று சொல்லப் பல வழிகள் இருந்தன. இல்லை என்று சொல்ல நேரான வழி இல்லை.

இக்காலத்தில் பலர் என்ன செய்தார்கள்? புதுப்பிப்புச் சேவையையே மொத்தமாக நிறுத்தினார்கள். விளம்பரத்துக்கு அஞ்சி மருந்துக் கடையின் கதவையே அடைத்தார்கள். அடுத்த ஆண்டு வான்னாகிரை வந்தது. அன்று பாதிக்கப்பட்டவர் ஒவ்வொருவரும் இக்காரணத்தால்தான் பாதிக்கப்பட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் நம்பிக்கை ஒருமுறை உடைந்தால், நல்ல பொருளும் அதே சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும்.

மூட்டை கட்டுவதில் உள்ள நியாயமும் அநியாயமும்

முன்பு விண்டோஸ் 7-இல் ஒவ்வொரு ஒட்டும் தனித்தனியே பட்டியலிடப்படும். வேண்டியதை எடுத்து, வேண்டாததை விடலாம். 2016 அக்டோபர் முதல் அவை மாதம் ஒரு மூட்டையாக வரத் தொடங்கின. எடுத்தால் முழுவதும் எடு. விட்டால் முழுவதும் விடு. பாதுகாப்பு ஒட்டுகள் மட்டும் அடங்கிய தனி மூட்டையும் வெளியிடப்பட்டது. ஆனால் வீட்டுக் கணிப்பொறிகளுக்குச் செல்லும் வழக்கமான வழியில் அது வரவில்லை. தேடி எடுக்கத் தெரிந்தவர்களுக்கே கிட்டியது.

மூட்டை கட்டுவதற்கு ஒரு கணித நியாயம் உண்டு. 10 ஒட்டுகளை ஒருவர் தம் விருப்பம்போல் எடுக்கலாம், விடலாம் என்றால், 1,024 வகைக் கணிப்பொறிகள் உருவாகும். 20 ஒட்டுகள் என்றால் பத்து லட்சத்துக்கும் மேல். இத்தனை வகைகளையும் எந்த நிறுவனத்தாலும் சோதிக்க இயலாது. எனவே மருந்துகளை ஒன்றாகக் கட்டுவதை ஏற்கலாம்.

ஆனால் 2021-இல் விண்டோஸ் 10-இன் கீழ்ப்பட்டையில் வானிலையும் செய்தித் துணுக்குகளும் வந்து அமர்ந்தனவே, அவையும் மாதாந்தர மூட்டையில் வந்தவைதாம். உசிலம்பட்டியில் இன்று வெயில் என்று சொல்ல ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு தேவையா? இங்குதான் கணித நியாயம் முடிந்து வணிக நோக்கம் தொடங்குகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விண்டோஸ் 10 வந்த 2015-இல், கூடுதல் விலையுள்ள 'புரோ' வகையை வாங்கியவர் புதுப்பிப்பைத் தள்ளிப்போடலாம். 'ஹோம்' வகை வைத்திருந்தவருக்கு அவ்வசதி இல்லை. 2019 மே மாதப் பதிப்பில்தான் வீட்டுப் பயனாளருக்கும் 35 நாள் வரை நிறுத்திவைக்கும் உரிமை கிடைத்தது. புதிய பதிப்புக்கு மாறுவதும் அப்போது தனிப் பொத்தானாக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்க திருத்தமே. எனினும் நான்காண்டுக் காலம், 'சற்றுப் பொறு' என்று சொல்லும் உரிமை காசுக்கு ஏற்ற பண்டமாக இருந்தது என்பதை மறக்கலாகாது.

நம் ஊர்க் கணக்கு

நகரத்தில் ஒளியிழை இணைப்பு உள்ள வீட்டில் இவையெல்லாம் சிறு தொல்லைகளாகத் தோன்றலாம். மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வரும் மாணவரை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஒரே கைப்பேசி. அதன் ஹாட்ஸ்பாட்டில்தான் மடிக்கணினி இயங்க வேண்டும். நாளுக்கு ஒன்றரை கிகாபைட் என்பது பரவலான கட்டணத் திட்டம். 4 கிகாபைட் கொண்ட மாற்றம் ஒன்று வந்தால், ஏறக்குறைய மூன்று நாள் படி அதற்கே போய்விடும்.

நேரக் கணக்கையும் போடுவோம். ஒரு கிகாபைட் என்பது 800 கோடி பிட். நொடிக்கு 20 லட்சம் பிட் வேகத்தில் அது இறங்க 4,000 நொடி, அதாவது ஒரு மணி ஏழு நிமிடம் ஆகும். நான்கு கிகாபைட்டுக்கு நான்கரை மணி நேரம்.

இறங்கிய பின்னும் வேலை முடிவதில்லை. பழைய மடிக்கணினிகளில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். அது நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வது என்றால், ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. வேண்டிய இடம் முனைக்கு நேரே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரமும் சேர்ந்தால், நொடிக்கு ஐம்பது அறுபது இடங்களைத்தான் தொட முடியும். ஒரு புதுப்பிப்பு ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தொடுகிறது, ஒவ்வொன்றையும் பலமுறை. '30 விழுக்காடு முடிந்தது' என்று திரை அரைமணி நேரம் அசையாமல் நிற்பதன் காரணம் இதுவே. பழுதாகிவிட்டது என்று எண்ணி மின்சாரத்தை நிறுத்துவோர் உண்டு. பழுது அப்போதுதான் தொடங்கும்.

மின்தடையும் இருக்கிறது. பராமரிப்புப் பணிக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், பேட்டரி செத்துப்போன மடிக்கணினி புதுப்பிப்பின் நடுவில் இருந்தால் என்ன ஆகும்? கோப்புகளில் பாதி பழையது, பாதி புதியது. அறுவை சிகிச்சையின் நடுவில் விளக்கு அணைந்த நிலைதான். எப்போது தொடங்குவது என்பதை அவ்வீட்டில் இருப்பவர் தீர்மானிக்க வேண்டும். தொலைவில் இருப்பவருக்கு எங்கள் ஊர் மின்தடை தெரியாது.

மருந்தும் பிழைக்கலாம்

2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 மாற்றம், சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்தது. நான்கே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது.

2024 ஜூலை 19-ஐ நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பில் பிழை. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அக்கோப்பு வெளியானது நம் நேரப்படி காலை 9.39-க்கு; திரும்பப் பெறப்பட்டது 10.57-க்கு. 78 நிமிடத்தில் இவ்வளவு சேதம். அவ்வகைக் கோப்பைத் தள்ளிப்போடும் வசதி வாடிக்கையாளருக்கு அப்போது இல்லை. பின்னரே, படிப்படியாக அனுப்புவோம், வாடிக்கையாளருக்கும் கட்டுப்பாடு தருவோம் என்று அந்நிறுவனம் அறிவித்தது.

இப்போது மூன்று எண்களை அருகருகே வையுங்கள். 78 நிமிடம்; 4 நாள்; 59 நாள். முதல் இரண்டும் பிழையான புதுப்பிப்பு பிழை என்று தெரிய எடுத்த காலம். மூன்றாவது, மருந்து போடாதவனை நோய் தாக்க எடுத்த காலம். ஒரு வாரம் பத்து நாள் பொறுத்துப் போடுபவர், இம்மூன்று ஆபத்துகளிலிருந்தும் தப்பியிருப்பார்! மறுப்பு வேறு, பொறுத்திருத்தல் வேறு என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. மருந்து வரும் முன்பே தாக்குதல் தொடங்கிவிடும் ஓட்டைகளும் உண்டு. அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு அவ்வாறு எச்சரிக்கை விடுத்தால் பொறுக்க வேண்டாம், உடனே போடுங்கள்.

ஒரே பெட்டியில் இரு வழிகள்

மருந்தையும் சரக்கையும் பிரிக்க முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று தமிழ்நாட்டு மாணவர் கையிலேயே இருந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினிகளில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வைத்துக் கொடுக்கப்பட்டது. பாஸ், சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது.

டெபியனின் நிலைத்த பதிப்பில் முறையே வேறு. பாதுகாப்பு ஒட்டுகள் தனிக் களஞ்சியத்திலிருந்து வரும். பதிப்பின் ஆயுட்காலம் முழுவதும் பிழை திருத்தங்களே பெரும்பாலும் வரும். புதுமைகள் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கும். புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தால், எவை மாறும், எவ்வளவு இறங்கும் என்று பட்டியலிட்டு, 'தொடரலாமா?' என்று கேட்கும். இல்லை என்றால் இல்லைதான்.

லினக்ஸ் உலகம் முழுவதும் இப்படி என்று எண்ணிவிடக் கூடாது. உபுண்டுவில் 'ஸ்னாப்' வகை மென்பொருள்கள் தாமே புதுப்பித்துக்கொள்பவை. அவற்றைக் காலவரையின்றி நிறுத்திவைக்கும் வசதி 2022-இன் இறுதியில்தான் வந்தது. ஆக, இது ஒரு நிறுவனத்தின் குணம் மட்டுமன்று. எல்லா இடத்திலும் காவல் காக்க வேண்டிய ஒரு கொள்கை.

வீட்டில் செய்யத் தக்கவை

விண்டோஸ் 10, 11 வைத்திருப்போர் செட்டிங்ஸ் பகுதியில் புதுப்பிப்புப் பக்கத்தைத் திறவுங்கள்.

1. மாதத்தின் இரண்டாம் செவ்வாயை ஒட்டி, ஒரு வாரம் நிறுத்திவைக்கும் பொத்தானை அழுத்துங்கள். வாரம் கழிந்து, மின்சாரமும் டேட்டாவும் உள்ள நேரத்தில் நீங்களே தொடங்குங்கள்.

2. நீங்கள் வேலை செய்யும் நேரத்தைக் குறித்து வையுங்கள். அந்நேரத்தில் கணிப்பொறி தானே அணைந்து எழாது. 18 மணி நேரம் வரை குறிக்கலாம்.

3. கைப்பேசி இணைப்பை 'மீட்டர்டு' என்று குறியுங்கள். பெரும்பாலான இறக்கங்கள் உங்களைக் கேட்காமல் நடவா.

4. 'விருப்பப் புதுப்பிப்பு' என்று தனியே இருப்பவற்றைத் தொட வேண்டாம். காரணமின்றி 'புதுப்பிப்பு உண்டா' என்று தேடும் பொத்தானை அடிக்கடி அழுத்தவும் வேண்டாம். அப்படித் தேடுவோருக்கு முன்னோட்ட நிலையில் உள்ளவையும் அனுப்பப்பட்டதை மைக்ரோசாஃப்ட் 2018 டிசம்பரில் தெரிவித்தது.

5. புதுப்பிப்பை ஒரேயடியாக நிறுத்தித் தருவதாகச் சொல்லும் ஊர் பேர் தெரியாத மென்பொருள்களை ஏற்றாதீர்கள். ஓட்டைக்கு அஞ்சித் திருடனையே காவலுக்கு வைப்பதாகும்.

6. முக்கியக் கோப்புகளுக்கு வெளியே ஒரு பிரதி எப்போதும் இருக்கட்டும்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பதிவு செய்துகொண்டோருக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு ஒட்டுகள் என்று நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. ஆரம்பகால அரசு மடிக்கணினிகள் விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளை எட்டமாட்டா. கேளாதபோது வீட்டுக்குள் வந்த புதுப்பிப்பு, கேட்கும்போது கிடைக்காமல் போகிறது. அத்தகைய மடிக்கணினியை வீசிவிட வேண்டாம். பாஸ், டெபியன் போன்ற ஒன்றை நிறுவினால் பாதுகாப்பு ஒட்டுகள் தொடரும்.

2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினி முதலிய கருவிகள் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. இத்தகைய பெருங்கொள்முதல் செய்யும் அரசுக்கு, விற்பவரிடம் நிபந்தனை விதிக்கும் வலிமை உண்டு. பாதுகாப்பு ஒட்டு தனியே வர வேண்டும். அளவும் பயனும் தமிழில் சொல்லப்பட வேண்டும். மற்றவற்றுக்கு 'வேண்டாம்' என்னும் பொத்தான் 'ஆம்' என்பதன் பக்கத்திலேயே, அதே அளவில் இருக்க வேண்டும். இம்மூன்றையும் கேட்டுப் பெறுவது கடினமன்று.

மாணவர்களே, ஆய்வுக்கூடத்தில் அளவீடு எடுத்துக்கொண்டிருக்கும்போது, உங்களைக் கேட்காமல் ஒருவர் வந்து கருவியை மாற்றிவிட்டுப் போனால் ஒப்புக்கொள்வீர்களா? புதிய கருவி பழையதைவிட நல்லதாகவே இருக்கலாம். ஆனாலும் எடுத்த அளவீடுகள் வீணே. வீட்டுக் கணிப்பொறியும் உங்கள் கருவி. அதற்கு மருந்தைக் காலத்தில் கொடுங்கள். சரக்கைப் பார்த்து வாங்குங்கள்.